நண்பகலில் வானம் பார்க்க அழைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வான்சாகச நிகழ்ச்சிகளுக்கு நாளும் நேரமும் இடமும் குறிக்கும் பொறுப்பிலும், அங்கே கூடும் மக்களைக் காக்கும் பொறுப்பிலும் இருக்கும் அலுவலர்களுக்கு,

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சென்னை மெரினாவில் நடந்த வான்சாகச நிகழ்ச்சியைப் பற்றி நான் அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டதாக அதன் முதல் வரி சொல்கிறது. குடை, தொப்பி, குடிநீர் ஆகியவற்றுடன் வருமாறு பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்ததாக இரண்டாவது வரி சொல்கிறது. முதல் வரிக்கு நான் பழகிப்போனவன். இரண்டாவது வரியைப் படித்துவிட்டு மடித்து வைக்க என்னால் முடியவில்லை. ஐந்து பேர் உயிரிழந்த ஒரு நாளைப் பற்றி, வந்தவர்கள்தாம் சரியான ஆயத்தத்தோடு வரவில்லை என்று பொருள்பட எழுதப்பட்ட வரி அது. அதை எழுதிய அலுவலகத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. என் குறை ஓர் அலுவலகத்தின்மீதோ ஓர் அதிகாரியின்மீதோ அல்ல. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் திட்டமிடப்படும் முறையின்மீது. அந்த முறையை மாற்றும் அதிகாரம் உங்களில் பலரிடம் பகிர்ந்து கிடக்கிறது என்பதால்தான் உங்கள் அனைவருக்குமாக இதை எழுதுகிறேன்.

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு அருகில் வளர்ந்தவன் நான். அங்குள்ள பறத்தல் பயிற்றுநர் பள்ளியின் கிரண் விமானங்கள் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே வட்டமடித்த காலத்தில், ஓசையை வைத்தே எந்த விமானம் என்று சொல்லப் பழகினேன். அஞ்சல் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தை, 1965ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்திய நம் நாட் விமானத்தின் படங்களை நாளிதழ்களிலிருந்து கத்தரித்து, ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். என் மகளுக்கு அன்று பன்னிரண்டு வயது. தேஜஸின் முக்கோண இறக்கையையும் மிராஜின் முக்கோண இறக்கையையும் தொலைவிலிருந்தே பிரித்துச் சொல்லக்கூடியவள். 2003க்குப் பிறகு, 21 ஆண்டுகள் கழித்து மெரினாவில் மறுபடியும் வான்சாகசம் என்ற செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே மனதாகக் கிளம்பியது. இதைச் சொல்லக் காரணம், இந்த மடல் வான்சாகச நிகழ்ச்சியே வேண்டாம் என்பவரின் மடலாகப் படிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதுதான். அந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை.

வானத்தில் அன்று நடந்ததைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 72 விமானங்கள். கருடா அதிரடி வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார்கள். பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட டகோட்டா, தன் வயதை மறைக்காத நிதானத்தோடு கடலோரமாகக் கடந்து போனபோது, 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற விமான வகை இதுதான் என்று என் தந்தை பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரஃபேல், சுகோய்-30, சூலூரில் முதல் படைப்பிரிவு நிலைகொண்ட தேஜஸ், சூலூரையே இருப்பிடமாகக் கொண்ட சாரங் ஹெலிகாப்டர் குழு ஆகியவற்றை அந்த மேடையில் பார்ப்பது, தமிழ்நாட்டில் வாழும் விமான ஆர்வலருக்கு ஓர் உரிமை உணர்வைக்கூடத் தந்தது. தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் படைப்பிரிவு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த விமானத்தை ஆற அமர நின்று பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு எத்தனை முறை கிடைக்கும்?

இவ்வளவு விமானங்களும் வெவ்வேறு தளங்களிலிருந்து, வெவ்வேறு வேகத்தில் வந்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரே கடற்கரையைத் தொடுவதற்கு நொடிக்கணக்கில் போட்ட திட்டம் வேண்டும். ஒத்திகைகள் வேண்டும். அவை நடந்தன, நானும் முந்தைய நாட்களில் மாடியிலிருந்து அவற்றைப் பார்த்தேன். அப்படிப்பட்ட திட்டமிடும் திறன் உங்களிடம் இருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டவன் என்பதால்தான், தரையில் கண்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் துன்பமும் அங்கிருந்துதான் கிளைத்தது. நிகழ்ச்சி முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை வைக்கப்பட்டது. அந்த நாளில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்தது ஏறக்குறைய 12 மணிக்கு. அதாவது, உச்சி வெயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம், அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் என்று அளந்து வைத்ததைப் போல அந்த இரண்டு மணி நேரம் அமைந்துவிட்டது. நிழலில் வைத்த வெப்பமானியே 35 டிகிரியை ஒட்டிக் காட்டிய நாள் அது. மணலில் நின்றவனுக்கு அதைவிட எவ்வளவோ கூடுதல். கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கடல்காற்றும் உள்ளே வராது.

இங்கேதான் குடை, தொப்பி என்ற அறிவுரை எனக்குப் பொருளற்றதாகப் படுகிறது. கிரிக்கெட் ஆட்டத்துக்கோ அரசியல் கூட்டத்துக்கோ வருபவர் குடை பிடித்துக்கொண்டும் பந்தலுக்குக் கீழே அமர்ந்தும் எதிரே நடப்பதைப் பார்க்கலாம். வான்சாகசம் அப்படியல்ல. பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது. முகத்தை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து, சூரியன் இருக்கும் அதே வானத்தைப் பார்த்தாக வேண்டும். எங்கள் முன்னால் ஒரு பெண்மணி கைக்குழந்தைக்காகக் குடையை விரித்தார், பின்னாலிருந்த பத்துப் பேர் மடக்கச் சொன்னார்கள், அவரும் மடக்கிவிட்டார். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை, அவர்களும் வானம் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ஆகவே வான்சாகச நிகழ்ச்சியில் மக்களுக்குத் தரக்கூடிய ஒரே உண்மையான நிழல், நீங்கள் குறிக்கும் நேரம்தான். அதை வேறு யாரும் வீட்டிலிருந்து எடுத்து வர முடியாது.

மெரினா கிழக்கு நோக்கிய கடற்கரை. பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் சூரியன் மக்களின் முதுகுக்குப் பின்னால், நகரத்தின் பக்கம் இறங்கிவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் சூரியன் மறைய ஆறு மணி ஆகிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்தில் கடலுக்கு மேலே பறக்கும் ஒவ்வொரு விமானத்தின் மீதும் சாய்ந்த ஒளி நேரே விழும். இறக்கையில் எழுதியிருக்கும் எண்ணைக்கூடப் படிக்கலாம். நண்பகலிலோ விமானத்தின் அடிப்பக்கம் கருநிழலாகத்தான் தெரியும். புகைப்படம் எடுக்கும் எந்த ஆர்வலரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். மக்களின் உடலுக்கு நல்லது எதுவோ, காட்சிக்கும் அதுவே நல்லது. அக்டோபர் மாலைகளில் சென்னையில் இடிமழை வரக்கூடும், அதனால் மாலை உறுதியில்லை என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான மறுப்புதான். அப்படியானால் காலை ஏழரை மணிக்கு வையுங்கள்; கண் கூசும், ஆனால் யாரும் சுருண்டு விழ மாட்டார்கள். அல்லது மாதத்தையே மாற்றுங்கள். 1932 அக்டோபர் 8 விமானப்படை பிறந்த நாள், அணிவகுப்பு அன்று நடப்பது முறை. ஆனால் பறக்கும் காட்சியும் அந்த வாரத்திலேயே நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை 2025இல் விமானப்படையே காட்டிவிட்டது. அவ்வாண்டுப் பறக்கும் காட்சி நவம்பர் 9 அன்று குவாஹாட்டியில் பிரம்மபுத்திராவின் மேலே நடந்தது. சென்னைக்கு ஜனவரியைக் கொடுங்கள். மழை ஓய்ந்து, பகல் வெப்பம் முப்பது டிகிரியை ஒட்டியே நிற்கும் மாதம் அது.

இனி எங்கள் நாளைச் சொல்கிறேன். காலை ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். பறக்கும் ரயிலுக்கு மாறுமிடத்திலேயே நடைமேடை நிரம்பி வழிந்தது. நாங்கள் நின்றிருந்த நேரத்தில் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே அரை மணி நேரம் போனது. வந்த இரண்டு ரயில்களில் கால் வைக்க முடியவில்லை. மூன்றாவதில் என் தந்தையை இளைஞர்கள் சிலர் தூக்காத குறையாக உள்ளே ஏற்றினார்கள். காட்சிக்கு நேரம் குறித்தவர்கள் ரயில் இயக்குபவர்களோடு அமர்ந்து பேசி, இன்ன நேரத்தில் இத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டும். போட்டிருந்தால் அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பதும் தெரிய வேண்டும்.

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே மணலில் ஓர் இடம் பிடித்து நின்றபோது மணி ஒன்பது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வந்திருந்தோம். நிகழ்ச்சி தொடங்குவதற்குள் அது தீர்ந்துவிட்டது. அதன் பிறகு கண்ணுக்கு எட்டிய தூரத்தில் குடிநீர்த் தொட்டியோ குழாயோ எதுவும் இல்லை. எங்கோ இருந்திருக்கலாம், ஆனால் பத்தடி நகரவே பத்து நிமிடம் பிடிக்கும் கூட்டத்தில், எங்கோ இருக்கும் தண்ணீரும் இல்லாத தண்ணீரும் ஒன்றுதான். தலைச்சுமையாகப் பாட்டில் விற்றவர்களாலும் உள்ளே வர முடியவில்லை. முக்கியப் பிரமுகர்களுக்கான பந்தலின் வெள்ளைக் கூரை எங்களுக்குத் தெரிந்தது. பந்தல் போட்டதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நண்பகல் வெயிலில் மனிதர்களுக்கு நிழல் வேண்டும் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் அறிந்தே இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கூரையே சாட்சி என்று மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டேகால் மணி இருக்கும். சாரங் ஹெலிகாப்டர்கள் எதிரெதிராக வந்து விலகிக்கொண்டிருந்தன. மயில் வண்ணம் தீட்டிய அந்த ஹெலிகாப்டர்களைத்தான் என் தந்தை மிகவும் எதிர்பார்த்திருந்தார். அவர் பேச்சை நிறுத்திச் சற்று நேரமாகிவிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் மகள்தான் முதலில், தாத்தாவுக்கு வியர்க்கவே இல்லை என்றாள். அவர் நெற்றியைத் தொட்டால் சுட்டது, வறண்டிருந்தது. அடுத்த நொடி அவருடைய முழங்கால்கள் மடிந்தன. அவர் கீழே விழக்கூட இடம் இல்லை. முன்னால் நின்றவரின் முதுகில் சாய்ந்தபடியே சரிந்தார்.

முன்பின் தெரியாத நான்கு இளைஞர்கள் அவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழி கேட்டுக் கத்தியபடியே கூட்டத்துக்குள் நடந்தார்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சாலையில் ஒன்று நின்றதை மகள் பார்த்தாள். அதன் நான்கு பக்கமும் மக்கள். நகர வழியில்லாமல் அதன் விளக்கு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. கடைசியில் கரையோர மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்துக்குள் கொண்டு போனோம். ஒரு வீட்டின் வாசலில் பாய் விரித்து, குடத்துத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, பனை விசிறியால் வீசி, நினைவு திரும்பியதும் உப்புப் போட்ட நீராகாரம் கொடுத்து அவரைக் காப்பாற்றியவர்கள் அந்தக் குப்பத்துப் பெண்கள். அன்று அந்தத் திண்ணைகளில் கிடந்தவர் என் தந்தை ஒருவர் மட்டும் அல்லர். அந்தப் பெண்கள் எந்த அரசாணைக்கும் காத்திருக்கவில்லை. உடலைக் குளிர்விப்பதுதான் முதல் மருத்துவம் என்பதை அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

என் தந்தை பிழைத்தார். மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பிறகு தேறியது. என் மகள் பார்த்த விமானங்களை வரிசையாக எழுதி வந்த குறிப்பேட்டில் சாரங்கோடு எழுத்து நின்றுவிட்டது. இறுதியில் வரவிருந்த, விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது ஹாக் விமானங்களுக்காக அவள் முந்தைய இரவே பெயரெழுதி விட்டு வைத்த அரைப் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அந்த நாளில் மயங்கி விழுந்து சிகிச்சை பெற்றவர்கள் நூறு பேருக்கும் மேல். இறந்தவர்கள் ஐவர். அவர்களில் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் சரிந்தவரும் உண்டு. இது எனக்கு வியப்பாக இல்லை. வெப்பம் ஒருவரை வீழ்த்துவது கடைசி நிமிடத்தில் அல்ல. மூன்று நான்கு மணி நேரம் உடலில் சேர்ந்தது, நடக்கத் தொடங்கும்போது மிச்சமிருக்கும் வலுவையும் எடுத்துக்கொள்கிறது. வெளியேறும் நேரத்தைப் பற்றி நீங்கள் தனியாகச் சிந்திக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வரும்போது மக்கள் காலை ஏழு மணி தொட்டு நான்கு மணி நேரத்தில் பரவலாக வந்தார்கள். போகும்போது எல்லோருக்கும் ஒரே நிமிடம்தான்: பிற்பகல் ஒரு மணி. வாலாஜா சாலை, பாரதி சாலை, சாந்தோம், ரயில் நிலையப் படிக்கட்டுகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்கள் வழியே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வடிய வேண்டியிருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால், கூட்டத்தில் இருப்பவர் தன் விருப்பப்படி நடப்பதில்லை. தண்ணீரில் மிதக்கும் சருகு போல இழுபடுகிறார். கூட்டத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவது இது. மெரினாவுக்குப் பிறகு, 2025 ஜூனில் பெங்களூரு கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் 11 பேரையும், அதே ஆண்டு செப்டம்பரில் கரூரில் 41 பேரையும் நெரிசலில் இழந்த நாம், இதை இன்னொரு முறை கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

இவ்வளவு பேர் வந்துவிட்டார்கள், நாங்கள் என்ன செய்வது என்ற கேள்வி எழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் தாமாக வந்துவிடவில்லை, அழைக்கப்பட்டார்கள். அதிக மக்கள் கண்டுகளித்த வான்சாகச நிகழ்ச்சி என்று லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெறுவது நோக்கமாக முன்னரே அறிவிக்கப்பட்டது. 15 லட்சம் பேர் என்ற எண்ணிக்கை பெருமையாகச் சொல்லப்பட்டது. கூட்டத்தின் அளவையே வெற்றியின் அளவாக வைத்துக்கொண்ட ஒரு நிகழ்ச்சியில், இதற்கு மேல் உள்ளே விடாதீர்கள் என்று யார்தான் சொல்வார்கள்? என் நண்பர் ஒருவர் அன்று குடும்பத்தோடு பெசன்ட் நகர்க் கடற்கரையில், மரநிழல் இருந்த ஓர் ஓரத்திலிருந்து பெரும்பாலான விமானங்களைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். கடலோரமாக நீண்ட தொலைவு பறந்து வரும் விமானங்களை எத்தனையோ இடங்களிலிருந்து பார்க்க முடியும். மக்களைப் பரப்பி நிறுத்த இந்த நகரத்துக்குக் கடற்கரை இல்லாமல் போய்விடவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால்தான் சாதனை என்ற எண்ணம்தான் அவர்களைக் குவித்தது.

விமானத் துறையிடமிருந்து நான் சிறு வயதிலிருந்தே கற்று மதிப்பது ஒன்று உண்டு: அது தன் விபத்துகளை மறைத்து வைப்பதில்லை. 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வான்காட்சியில் வானிலேயே உடைந்த விமானத்தின் பாகங்கள் பார்வையாளர்கள்மீது விழுந்து 29 பேர் இறந்த பிறகு, கூட்டத்தை நோக்கிப் பறப்பதற்கு அங்கே கட்டுப்பாடுகள் வந்தன. 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் 70 பேரும், 2002இல் உக்ரைனின் லிவிவ் நகரத்தில் 77 பேரும் வான்காட்சி விபத்துகளில் இறந்தார்கள். 2015இல் இங்கிலாந்தின் ஷோரம் வான்காட்சியில் விமானம் விழுந்து இறந்த 11 பேரும் காட்சித் திடலுக்குள் இருந்தவர்கள் அல்லர், வெளியே நெடுஞ்சாலையில் இருந்தவர்கள். அதன் பிறகு, திடலுக்கு வெளியே இருப்பவர்களும் ஏற்பாட்டாளரின் கணக்கில் வர வேண்டும் என்ற சிந்தனை வலுத்தது. விசாரணை அறிக்கை வெளியிடப்பட்டது, யாரும் எடுத்துப் படிக்கலாம். நம் ஊரிலும் 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவின் ஏரோ இந்தியா வான்காட்சியில், வானத்தில் எந்தப் பிழையும் நடக்காத ஒரு நாளில், வாகன நிறுத்தத்தின் காய்ந்த புல்லில் பற்றிய தீ ஏறக்குறைய 300 கார்களை எரித்தது. ஆபத்து விமானத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்று அன்றே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டில், உலகின் மிகப் பெரிய இராணுவ வான்காட்சிகளில் ஒன்றை, மழையில் வாகன நிறுத்துமிடங்கள் சேறாகிவிட்டன என்பதற்காக முழுவதுமாகவே கைவிட்டார்கள். விமானங்கள் பறக்க ஆயத்தமாக இருந்தும், தரை ஆயத்தமாக இல்லை என்பதால் காட்சி நின்றது.

2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தபோது, எங்கள் வீட்டில் அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சூலூரில் பணியாற்றியவர் அவர். என்ன நடந்தது என்று கண்டறிய உடனே விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அதுதான் முறை. அந்த முறையின் பாதுகாப்பு, மெரினாவின் மணலில் நின்று விமானத்தைப் பார்த்துக் கைதட்டிய ஐந்து பேருக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன். குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது சரியே. தொகை வேறு, விளக்கம் வேறு.

இனி நான் கேட்பவை.

வெப்ப மண்டல நகரமான சென்னையில், அல்லது தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், பொதுமக்களுக்கான வான்சாகச நிகழ்ச்சியை முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றரை மணிக்கும் இடையே வைப்பதில்லை என்று எழுத்துப்பூர்வமாக முடிவெடுத்து அறிவியுங்கள். மற்றவற்றில் எதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவும் இல்லை.

கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் எண்ணிக்கை வரம்பு வைத்து, இலவச அனுமதிச் சீட்டு கொடுங்கள். கட்டணம் வேண்டாம், கட்டணம் வைத்தால் நொச்சிக்குப்பத்துக்காரர்கள் தங்கள் வாசலில் நடப்பதையே பார்க்க முடியாமல் போகும். பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு போன்ற பக்கங்களில் எந்த விமானம் எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதை முன்கூட்டியே வெளியிட்டு, அங்கும் ஒலிபெருக்கி வருணனை வைத்தால் பாதிக் கூட்டம் தானாகவே பிரிந்துவிடும். ஒத்திகை நாட்களின் நேரத்தையும் அறிவியுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஒத்திகையே போதும். விமானங்களும் பெரும்பாலும் அவையேதான்.

ஒவ்வொரு பகுதிக்குள்ளும், விளிம்பில் அல்லாமல் உள்ளேயே, குடிநீரும் முதலுதவிக்கான நிழற்பந்தலும் இருக்க வேண்டும்; அவை எங்கே இருக்கின்றன என்று தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் கொடி கட்டியிருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கான பாதை, காலையில் முதல் மனிதர் வருவதற்கு முன்பே தடுப்புக் கட்டி ஒதுக்கப்பட்டு, நிகழ்ச்சி முடிந்து இரண்டு மணி நேரம் வரை அப்படியே காலியாக இருக்க வேண்டும். கரையோரக் குப்பங்களின் மக்களை இடையூறாகக் கருதாமல் அழைத்துப் பேசுங்கள். மெரினாவின் கூட்டத்தை அவர்களைப் போல் அறிந்தவர்கள் உங்களில் யாரும் இல்லை.

காட்சியை ஒரே நிமிடத்தில் முடிக்காதீர்கள். சூர்யகிரணை நடுவில் வைத்து, அதன் பின் மெதுவாகச் செல்லும் பழைய விமானங்களையும் விமானப்படை இசைக்குழுவையும் ஒரு மணி நேரத்துக்கு நீட்டினால், அவசரமுள்ளவர்கள் முதலில் போவார்கள், மற்றவர்கள் பிறகு போவார்கள். ரயில், மெட்ரோ, பேருந்து மூன்றுக்கும் பொறுப்பானவர்களை நேரம் குறிக்கும் கூட்டத்துக்கே அழையுங்கள், நேரம் குறித்த பிறகு கடிதம் அனுப்பாதீர்கள்.

நெருங்கிய அணிவகுப்பில் பறக்கும் விமானி, தன் தலைமை விமானத்தைக் கண்ணிலிருந்து தவறவிட்டால், அதை உடனே வானொலியில் சொல்லிவிட்டு அணியிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. வான்காட்சிகளில் ஒரு சொல்லில் பறத்தலை நிறுத்தும் அதிகாரமும் ஒருவரிடம் இருக்கும். தரைக்கும் அப்படி ஒருவரை நியமியுங்கள். கூட்டம் வரம்பைத் தாண்டினால் நுழைவை மூடவும், தேவைப்பட்டால் காட்சியையே நிறுத்தவும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். அவர் பெயர் நிகழ்ச்சிக்கு முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கைச் சாதனை எதையும் இனி எந்த நிகழ்ச்சிக்கும் நோக்கமாக அறிவிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, 2024 அக்டோபர் 6 அன்று யார் எதைத் திட்டமிட்டார்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஐந்து பேர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் சரிந்தார்கள், உதவி அவர்களை எப்போது சென்றடைந்தது என்பதை ஒரு முழு அறிக்கையாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொதுமக்கள் முன் வையுங்கள். முடித்துவைக்கப்பட்ட என் மனுவை மீண்டும் திறந்து, பொதுமக்கள் ஆயத்தமின்றி வந்தார்கள் என்ற பொருள் தரும் அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். அறிக்கை வெளியாகும் நாளையும், சென்னையில் அடுத்த வான்சாகச நிகழ்ச்சி எந்த நேரத்தில் நடக்கும் என்பதையும் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மாலை நான்கு மணி என்று நீங்கள் எழுதினால், என் தந்தையையும் மகளையும் அழைத்துக்கொண்டு நான் வருவேன்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு விமான ஆர்வலன்